மூடனே என்னும் சொல்லின் வரலாறு



கொலையைப் பற்றிய கற்பனையை மலைப்பிரசங்கத்தில் விளக்கும்போது, ஆண்டவர் கையை விட்டுவிட்டு நாவினிடத்திற்கு வருகிறார். சகோதரனை 'வீணன்' என்கிறவனுக்கும் 'மூடனே' என்கிறவனுக்கும் அவர் கூறிய தீர்ப்பை நீங்கள் அறிவீர்கள் (மத்தேயு 5:22). நம்முடைய தமிழ் வேதாகமத்தில் 'மூடனே' என்றிருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் 'மோரே' என்றிருக்கிறது. 'மோரோஸ்' என்றால் மந்தன், பேதை, மூடன். இந்த ஒரு சொல் 20ஆம் நூற்றாண்டில் எங்கே போயிற்று, யார்மேல் விழுந்தது என்பதையே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். வழக்கத்தைவிடச் சற்று நீண்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாண்ட் என்றோர் ஊர். அறிவு வளர்ச்சியில் தாமதமுள்ள பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. 1906ஆம் ஆண்டு அதன் ஆய்வுத்துறைக்குத் தலைவராக வந்தவர் ஹென்றி காடர்ட் என்னும் உளவியல் அறிஞர். குவேக்கர் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தவர். அக்காலத்தில் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரெட் பினே என்பவர், பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டறிய ஒரு சோதனையை 1905இல் உருவாக்கியிருந்தார். காடர்ட் 1908இல் ஐரோப்பா சென்றபோது அதைக் கண்டு, ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டார். பினே அதைக் கைகொடுத்துத் தூக்கிவிடும் கருவியாக எண்ணினார். காடர்ட் கையில் அது பதரைப் பிரிக்கும் முறமாயிற்று.

1910ஆம் ஆண்டு, இத்துறையில் உழைத்த அமெரிக்க அறிஞர்களின் சங்கத்தில் காடர்ட் ஒரு பகுப்பு முறையை முன்வைத்தார. வளர்ந்த ஒருவருடைய 'மனவயது' இரண்டுக்கு மேற்படாவிட்டால் அவர் 'இடியட்'. மூன்று முதல் ஏழு வரையென்றால் 'இம்பெசில்'. எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை. கிரேக்க மொழியிலிருந்து 'மோரோஸ்' என்ற சொல்லை எடுத்து, 'மோரான்' என்று அவர் ஒரு புதிய சொல்லைச் செய்தார். சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் வசைச்சொல் செய்யப் புறப்படவில்லை. தெளிவான, நடுநிலையான, கற்றோர் கூடிப் பேசத்தக்க ஓர் அறிவியற் பெயரைத்தான் தேடினார். ஆயினும் சகோதரனை நோக்கிச் சொல்லாதே என்று ஆண்டவர் விலக்கிவைத்த சொல்லே கலைச்சொல்லாகிப் பதிவேட்டில் ஏறிற்று. சில ஆண்டுகளுக்குள் அது தெருவுக்கு இறங்கி ஏச்சாகவும் மாறிற்று.

(இதே சொல்லை ஆண்டவர் பரிசேயரை நோக்கிச் சொன்னாரே, மத்தேயு 23:17இல் 'மதிகேடரே' என்றிருக்கிறதே என்று உங்களில் வேதத்தை ஆராய்கிறவர்கள் கேட்பீர்கள். ஆம், மூலத்தில் அதே சொல்தான். அங்கே அவர் மேட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். பள்ளத்தில் இருந்தவர்களைப் பார்த்து ஒருபோதும் சொல்லவில்லை.)

'இடியட்' என்ற சொல்லும் வேதத்தின் வழியே வந்து போன சொல்தான். கிரேக்கத்தில் 'இடியோட்டெஸ்' என்றால் பதவியில்லாத சாதாரண மனிதன், பயிற்சி பெறாதவன். எருசலேமின் ஆலோசனைச் சங்கத்தார் பேதுருவையும் யோவானையும் பார்த்து வியந்தபோது அவர்களைக் குறித்து நினைத்த சொல் அதுவே. நம் வேதாகமம் 'பேதைமையுள்ளவர்கள்' என்று அதை மொழிபெயர்க்கிறது (அப்போஸ்தலர் 4:13). அப்போஸ்தலர் இருவரும் அந்தப் பெயரைச் சுமந்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது 'கிரெட்டின்' என்ற சொல். இன்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது கடுமையான ஏச்சு. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் பல தலைமுறைகளாகக் கழுத்துக் கழலையோடும், குறுகிய உடலோடும், மந்தமான அறிவோடும் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த மலைநாட்டார் அவர்களைத் தங்கள் வட்டார மொழியில் 'கிறிஸ்தவன்' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். அதிலிருந்தே 'கிரெட்டின்' வந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரும் ஏற்கும் கருத்து. அந்த வட்டாரங்களில் 'கிறிஸ்தவன்' என்றால் மிருகமல்ல, மனிதன் என்று பொருள். அதாவது, இவனும் நம்மைப்போல் ஒரு மனிதன், ஞானஸ்நானம் பெற்ற ஆத்துமா என்று ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்ளவே அந்தப் பெயரை இட்டார்கள். நம்முடைய ஆண்டவரின் பெயரையே தாங்கிய, அன்பினால் பிறந்த சொல் அது. அதையும் வசையாக்கிவிட்டது மனிதருடைய நாவு.

அந்த மலைகளில் நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். 1836ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில், குகன்பூல் என்ற இளம் மருத்துவர் ஒரு சிற்றூரின் வழியே போகையில், பாதையோரச் சிலுவைக்கு முன்னே அப்படிப்பட்ட ஒரு முதியவர் நின்று பரமண்டல ஜெபத்தைக் குழறிக் குழறிச் சொல்வதைக் கண்டார். அவரைப் பின்தொடர்ந்து குடிசைக்குச் சென்று தாயாரை விசாரித்தார். சிறுவயதில் தானே அந்த ஜெபத்தைக் கற்றுக்கொடுத்ததாகவும், அன்றுமுதல் நாள்தோறும் அதே வேளையில் மகன் அந்தச் சிலுவையண்டை போவதாகவும் தாயார் சொன்னாராம். ஒரு ஜெபத்தைக் கற்க முடிந்தவர் மற்றவற்றை ஏன் கற்கக்கூடாது என்ற கேள்வி குகன்பூலை விடவில்லை. 1841இல் இன்டர்லாக்கன் அருகே ஆபெண்ட்பெர்க் என்னும் மலைமேல் இப்பிள்ளைகளுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். இத்தகையோரைப் பராமரித்துக் கற்பித்த தொடக்க கால இல்லங்களில் அது ஒன்று. ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள். முடிவு நன்றாக அமையவில்லை. குணமாக்கிவிடுவேன் என்று அவர் அளவுக்கு மீறி வாக்களித்தார், புகழைத் தேடி ஊர் ஊராகச் சென்றிருந்த காலத்தில் பிள்ளைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தார்கள், இல்லம் மூடப்பட்டது. குணமாவார் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மட்டுமே ஒருவரை நேசிக்கிற ஆபத்து ஊழியக்காரருக்கும் உண்டு என்பதால் இதையும் சொல்கிறேன்.

அந்தப் பள்ளத்தாக்குகளின் துயரத்துக்குக் காரணம் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவாக இருந்ததே. கர்ப்பவதியான தாய்க்கு அது கிடைக்காததால் பிள்ளையின் மூளை வளர்ச்சி தடைப்பட்டது. 1922இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கிய பின் புதிதாக அப்படிப் பிறப்பது அற்றுப்போயிற்று. நம் அடுப்பங்கரையில் இருக்கும் அயோடின் கலந்த உப்புக்கும் இதுவே காரணம். பாவத்தின் தண்டனை, குலத்தின் சாபம் என்றெல்லாம் அந்தத் தாய்மார்களிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ! ஒரு சிட்டிகை குறைந்திருந்தது, அவ்வளவே.

மறுபடியும் வைன்லாண்டுக்கு வருவோம். 1897இல், எட்டு வயதில், எம்மா வுல்வர்ட்டன் என்ற சிறுமி அந்தப் பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்தார். காடர்டின் சோதனை அவரை 'மோரான்' என்று வகைப்படுத்தியது. 1912இல் காடர்ட் அவருடைய குடும்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் எம்மாவுக்கு 'தெபொராள்' என்றும், குடும்பத்துக்கு 'காலிகாக்' என்றும் புனைபெயர். கிரேக்கத்தில் 'நல்லது' 'கெட்டது' என்ற இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. அமெரிக்கச் சுதந்தரப் போரில் ஈடுபட்ட ஒரு போர்வீரன் மதுக்கடைப் பெண் ஒருத்தியோடு தவறினதால் உண்டான கிளை முழுவதும் கெட்டது. பின்பு நல்ல குடும்பத்துப் பெண்ணை மணந்ததால் உண்டான கிளை முழுவதும் நல்லது. மந்தபுத்தி இரத்தத்தில் இறங்குகிறது. ஆகவே இத்தகையோர் பிள்ளை பெறாதபடி அடைத்துவைக்க வேண்டும் என்பது நூலின் வாதம். பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றுவதால் 'மோரான்'களே மிகவும் ஆபத்தானவர்கள் என்று காடர்ட் எச்சரித்தார். நூல் பரபரப்பாக விற்றது. பின்னாளில் ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்த்தபோது, கதையின் அடித்தளமே பிழையென்று கண்டார்கள்.

எம்மா தச்சுவேலையும் தையல்வேலையும் தேர்ந்தவர். கார்னெட் என்னும் ஊதுகருவி வாசித்தார். தன்னைப் பார்க்கிலும் பலவீனமானவர்களைப் பராமரித்தார். இவை காடர்டுக்கும் தெரியும். நூலிலேயே பலவற்றை எழுதியிருக்கிறார். ஒரு சொல் கண்ணை மறைத்துவிட்டால், கண்ணெதிரே கிடக்கும் மேசையும் நாற்காலியும்கூடச் சாட்சி சொல்ல முடியாமற்போகிறது.

சொல் சட்டமாயிற்று. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வர்ஜீனியா மாநிலத்தின் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு வலுக்கட்டாயமாகக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. தாய், அவர், கைக்குழந்தையான மகள் என்று மூன்று தலைமுறையையும் 'இம்பெசில்' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு அடக்கியது. அந்த மகள் பின்பு பள்ளியில் நன்மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் இறந்துபோனாள். அமெரிக்காவில் 60,000 பேருக்கு மேல் இவ்வாறு கருத்தடை செய்யப்பட்டார்கள். காடர்டின் நூல் 1914இல் ஜெர்மன் மொழியில் வந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் மறுபதிப்பும் வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட ஜெர்மானியக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் முதலாவதாக நின்றது 'பிறவி மந்தபுத்தி'. 1941 ஆகஸ்டுக்குள், அறிவுசார் குறைபாடும் மனநோயும் உடைய 70,000 பேருக்கு மேல் நச்சுவாயுக் கூடங்களில் கொல்லப்பட்டார்கள்.

சபை என்ன செய்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். 1926இல் அமெரிக்க இனமேம்பாட்டுக் கழகம், தன் கொள்கையைப் பிரசங்கிக்கும் போதகர்களுக்குப் பரிசுப்போட்டி வைத்தது. போதகர்கள் எழுதினார்கள்; பரிசும் வாங்கினார்கள். ஆரோக்கியமான குடும்பங்களே தேவராஜ்யத்தைக் கொண்டுவரும் என்ற பிரசங்கம் கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! மறுபுறம், 1941 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் ஆயர் ஃபான் காலன் பிரசங்கபீடத்தில் நின்று அந்தக் கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். உழைத்துப் பயன் தராதவரைக் கொல்லலாம் என்றால், நாம் முதுமையடைந்து தளரும்போது நமக்கும் அதே கதிதான் என்று மக்களுக்கு எடுத்துக்காட்டினார். அந்தப் பிரசங்கம் கையெழுத்துப் பிரதிகளாக இரகசியமாய்ப் பரவிற்று. அம்மாதமே ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்னார். மறைவில் கொலைகள் தொடர்ந்தன. பரிசு வாங்கிய பீடமும் அந்தப் பீடமும் ஒரே சுவிசேஷத்தைத் திறந்து வைத்திருந்தவை.

காடர்ட் 1920களின் இறுதியில் தன் கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். அந்தச் சொல்லோ திரும்பி வரவில்லை.

இனி, பெயர் மாற்றங்களின் கதை. 1876இல் தொடங்கிய அந்த அமெரிக்கச் சங்கத்தின் பெயரில் முதலில் 'இடியட்' இருந்தது. 1906இல் 'பலவீன மனத்தோர்' என்று மாறிற்று. 1933இல் 'மனக்குறைவு'. 1987இல் 'மனவளர்ச்சித் தாமதம்', அதாவது 'ரிடார்டேஷன்'. 2007இல் 'அறிவுசார் குறைபாடு'. ஒவ்வொரு முறையும் நல்லெண்ணத்தோடு ஒரு மெல்லிய சொல்லைக் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் அதை எடுத்துக் கல்லாக எறிந்தார்கள். 2010 அக்டோபரில் 'ரோசாவின் சட்டம்' என்ற ஒன்று கையெழுத்தாகி, 'ரிடார்டேஷன்' என்னும் சொல் அமெரிக்க மத்திய அரசின் பல சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒன்பது வயதுச் சிறுமியின் பெயர் அது. குடும்பத்தார் முயன்று, பள்ளிப் பதிவில் தொடங்கிய ஒரு முறையீட்டை நாட்டின் சட்டம் வரை கொண்டுசென்றார்கள்.

நம் நாட்டிலும் இதே பாதைதான். காடர்டின் நூல் வெளிவந்த அதே 1912இல் ஆங்கில அரசு இயற்றிய இந்திய லூனசி சட்டம், 'இடியட்' ஆனாலும் சித்தம் கலங்கியவர் ஆனாலும் இருவரையும் ஒரே வரையறைக்குள் அடைத்தது. 'லூனசி' என்பது நிலவின் பெயரால் வந்த சொல். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'சந்திரரோகி' என்றிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1987இல் வந்த மனநலச் சட்டமே அதை அகற்றியது. மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு என்றும் பிரித்தது. 1995, 1999 ஆண்டுகளின் சட்டங்கள் 'ரிடார்டேஷன்' என்றே எழுதின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் 'அறிவுசார் குறைபாடு' என்னும் பெயர் வந்தது. மனநோய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மில் பலர் இன்னும் கற்கவில்லை. பிறவியிலிருந்தே மெதுவாகக் கற்கும் ஒரு வாலிபரைப் பிடித்து உட்காரவைத்துப் பிசாசைத் துரத்துகிற ஜெபக்கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே, சொல்லை மாற்றி என்ன பயன், புதிய சொல்லும் நாளை ஏச்சாகத்தானே போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. அழுக்காகும் என்பதற்காக நாம் துணியைத் துவைக்காமல் விடுவதில்லை. 'மந்தபுத்தி' என்று சான்றிதழில் எழுதப்பட்ட பிள்ளையின் தாய் அதை ஒவ்வோர் அலுவலகத்திலும் நீட்ட வேண்டியிருந்தது. இன்று அவள் நீட்டுவது வேறு சொல். அந்த வேறுபாடு அவளுக்குத் தெரியும். 'லூசு', 'மெண்டல்' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நாள்தோறும் அழைப்பதும், நாம் சிரித்துக்கொண்டு கடந்துபோவதும் இதே கணக்கில் சேரும். யாரையும் குறித்துச் சொல்லவில்லை, விளையாட்டுக்குச் சொன்னோம் என்கிறோம். அந்தச் சொல் யாருடைய பிள்ளையிடமிருந்து எடுக்கப்பட்டதோ, அந்தத் தாய் அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் பெயர்ச்சொல்லைக் காட்டிலும் ஆழமான ஓரிடம் நம் தமிழில் இருக்கிறது. நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில் இருக்கிறது. 'வந்தான்', 'வந்தார்'. நாற்பத்தைந்து வயதான ஒரு சகோதரர் ஆலயத்துக்கு வருகிறார். அவருடைய தம்பியைப் பார்த்து 'வாங்க' என்கிற நாமே, அவரைப் பார்த்து 'வாடா கண்ணு' என்கிறோம். தம்பி 'வந்தார்', அண்ணன் 'வந்தான்'. அன்பினால்தான் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனாலும் வளர்ந்த மனிதருக்குள் எட்டு வயதுப் பிள்ளையைக் காண்கிற அந்தப் பார்வை, காடர்டும் அவர் காலத்தவரும் பரப்பிவிட்ட 'மனவயது' என்ற அளவுகோலின் மிச்சம். நாற்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தவர் நாற்பத்தைந்து ஆண்டின் துக்கங்களையும் இழப்புகளையும் கண்டவர். தகப்பனை அடக்கம் செய்தவர். அவரைத் 'தேவதூதன்' என்பதும் ஒருவகையில் தப்பித்தல்தான். தேவதூதனுக்குக் கோபம் வராது, கலியாண ஆசை வராது, ஆலயக் கமிட்டியிடம் சொல்வதற்கு ஒரு கருத்தும் இராது.

1974இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இத்தகையோர் தாங்களே கூடி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் முன்னே நாங்கள் மனிதர்கள் என்பதையே இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். ஆல்ப்ஸ் மலைக் குடியானவர்கள் தங்கள் வட்டாரச் சொல்லால் சொல்லிவைத்ததும் இதுதான்.

கிறிஸ்துமஸ் நாட்களில் நம் சபைகள் சிறப்பு இல்லங்களுக்குப் போவது நல்ல வழக்கம். பரிசு கொடுத்து, பாடி முடித்தபின் ஏறெடுக்கப்படும் ஜெபத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். 'எங்களை இப்படி வைக்காமல் நல்ல சுகத்தோடும் அறிவோடும் வைத்தீரே, ஸ்தோத்திரம்' என்று அவர்கள் காதுகேட்க ஜெபிக்கிறார்கள். ஆலயத்தின் நடுவே நின்று, அந்த ஆயக்காரனைப்போல் இராததற்காக நன்றி சொன்ன பரிசேயனின் ஜெபம் வேறு எப்படி இருந்திருக்கும்? கேட்கிறவர்களுக்குப் புரியாது என்று நினைக்கிறோம். குரலில் இருக்கும் இரக்கத்தையும் அதிலுள்ள உயரத்தையும் அவர்கள் நம்மைவிட விரைவாகக் கண்டுகொள்கிறார்கள்.

பவுல் தன்னையும் உடன் ஊழியரையும் கிறிஸ்துவினிமித்தம் 'பைத்தியக்காரர்' என்று கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 4:10). மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'மோரோஸ்' என்பதன் பன்மை. பிறர்மேல் எறியக்கூடாத சொல்லை அவர் தம்மேல் போட்டுக்கொண்டார்.

எம்மா வுல்வர்ட்டன் 1978இல், 89 வயதில் மரித்தார். 81 ஆண்டுகள் காப்பகங்களிலேயே கழிந்தன. முதுமையில் வெளியே போகலாம் என்று அனுமதி கிடைத்தபோது, மூட்டுவாதம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்திருந்தது. இனி இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார். பாடநூல்களில் நெடுங்காலம் 'தெபொராள் காலிகாக்' என்றே இருந்தார். அவருடைய சொந்தப் பெயரை உலகம் பிறகுதான் அறிந்தது.

நம் ஆலயத்தின் ஜெபக்குறிப்புப் பட்டியலில், மற்ற எல்லாரும் பெயரோடு இருக்க, இரண்டு வரிகள் மட்டும் 'இன்னாருடைய மனவளர்ச்சி குன்றிய மகனுக்காக', 'மகளுக்காக' என்றிருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் இருவருடைய பெயர்களையும், வயதையும், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர்களே விரும்புகிறார்கள் என்பதையும் எழுதித் தரும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.